பல்லி பார்த்த டிவி

சுவர்க் கடிகாரத்துக்குப் பின்னால் குடியிருந்த பல்லிக்கு, அந்த வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும் நாலு குறை சொல்லாவிட்டால் இரை செரிக்காது. அன்று பக்கத்துச் சுவரில் மலிவு விலை டிவி ஒன்றை மாட்டி, கிரிக்கெட்டும் போட்டுவிட்டார்கள். பல்லி தலையை நீட்டிப் பார்த்தது.

“கறுப்பு கறுப்பாவா இருக்கு? சாம்பல் பூசின மாதிரி இருக்கு. முகமெல்லாம் சோகை பிடிச்சுக் கிடக்கு,” என்றது.

“அண்ணே, நீங்க பக்கவாட்டுல இருந்து பார்க்கிறீங்க. கொஞ்சம் எதிர்ல வந்து பாருங்களேன்,” என்றது டிவி பணிவாக.

“எங்கிருந்து பார்த்தாலும் விலைக்கேத்த படம்தானே தெரியும்? இதுல ஒரு ஈயைக் காட்டினா, அது ஈயா எறும்பான்னுகூட எனக்குத் தெரியாது!”

கடிகாரம் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. தன்னை மாட்டிய அன்றைக்கே அதுவும் இதையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டதுதான்.

ஓவர் முடிந்ததும் கொசுவர்த்தி விளம்பரம் வந்தது. திரை நிறைய ஒரே ஒரு கொசு, ரத்தம் குடித்துக் கொழுத்த கொசு, காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எப்போது தாவினோம் என்று பல்லிக்கே தெரியவில்லை. திரையில் மூக்கு மோதி, தரையில் மல்லாந்து விழுந்து கிடந்தது.

“ஐயோ அண்ணே, அடி பட்டுச்சா?” என்று பதறியது டிவி.

பல்லி மெல்லப் புரண்டு எழுந்தது. கடிகாரம் பார்த்துவிட்டதா என்று ஓரக்கண்ணால் நோட்டம் விட்டது.

“அவ்வளவு பெரிய கொசு, ரீங்காரமே கேட்கலையே,” என்றது. “சத்தம் ரொம்ப மோசம்.”