ஒரு நாள் விட்டு ஒரு நாள்

“ஒரு நாள் விட்டு ஒரு நாள் வர்றதுக்குக் காய்ச்சல் என்ன குழாய்த் தண்ணியாய்யா? யார்கிட்ட காது குத்துற?”

தையல் கடை முதலாளியின் குரலில் கிளினிக்கே திரும்பிப் பார்த்தது. கையோடு இழுத்து வந்திருந்த கட்டிங் மாஸ்டரை டாக்டர் முன்னால் உட்கார வைத்தார்.

“திங்கள் லீவு, புதன் லீவு. நடுவுல செவ்வாய்க்கிழமை ஜம்முனு வந்து துணி வெட்டினான். இன்னிக்கும் பாருங்க, குத்துக்கல்லு மாதிரி இருக்கான். பொய்னு மட்டும் சொல்லுங்க, இப்பவே சீட்டைக் கிழிச்சுடறேன்!”

தெர்மாமீட்டரும் முதலாளி பக்கமே பேசியது. காய்ச்சல் இல்லை.

“பார்த்தீங்களா!”

டாக்டர் மாஸ்டரிடம் கேட்டார். “வரும்போது எப்படி வருது?”

“மதியம் திடீர்னு குளிரும் டாக்டர். ரெண்டு போர்வை போத்தினாலும் பல்லு தந்தியடிக்கும். அப்புறம் உடம்பு கொதிக்கும். சாயந்திரம் சட்டையைப் பிழியற அளவுக்கு வேர்த்து விட்டுடும். மறுநாள் ஒண்ணும் இருக்காது.”

நர்ஸ் விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுத்துப் போனாள். கால் மணி நேரத்தில் முடிவு வந்தது.

“மலேரியா. இந்த வகை இப்படித்தான், ஒரு நாள் விட்டு ஒரு நாள் தாக்கும். அவர் நடிக்கலை” என்றார் டாக்டர். “மருந்து உடம்புக்கு ஒத்துக்குமான்னு இன்னொரு டெஸ்ட் பார்த்துட்டு, பதினாலு நாள் மாத்திரை. காய்ச்சல் நின்னாலும் நிறுத்தக் கூடாது.”

“பதினாலா? ஒரு ஏழு நாளா முடிச்சுக் குடுங்க டாக்டர்.”

“கிருமிகிட்ட பேரம் படியாதுங்க. பாதியில விட்டா ஈரல்ல ஒளிஞ்சிருந்து திரும்ப வரும்.” மாஸ்டரிடம் திரும்பினார். “எங்க தூங்கறீங்க?”

“கடை மொட்டை மாடி ரூம்ல.”

“பக்கத்துல திறந்த தண்ணி ஏதாவது? கொசு அதுலதான் முட்டையிடும்.”

மாஸ்டர் முதலாளியை ஒரு தரம் பார்த்தார். “அதெல்லாம் இல்லீங்க.”

“என் கடை கண்ணாடி மாதிரி இருக்கும்” என்றார் முதலாளி.

வாசலில் நின்ற நர்ஸுக்குப் பொறுக்கவில்லை.

“கடைக்குப் பின்வீடு எங்களுதுதான் சார். ஆறு மாசமா உங்க மாடித் தொட்டிக்கு மூடி இல்லை. மாஸ்டர் மூடி கேட்டதும், ‘தண்ணி என்ன பறந்தா போயிடும்’னு நீங்க கத்தினதும் எங்க அடுப்படி வரைக்கும் கேட்டுச்சு. அவர் சொன்ன ஒரே பொய் இப்ப சொன்னதுதான், அதுவும் உங்க மானத்தைக் காப்பாத்த. இன்னிக்காவது அந்தத் தொட்டியை மூடுங்க!”