வலப்பக்கப் பெட்டி

றோஸ் மறுபடியும் பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு முழம் இழுத்து விட்டிருந்தாள். அவள் புருசன் கனிசியஸ் தலையில் அடித்துக்கொண்டார். நெஞ்சளவு உயரத்தில் இரண்டு பழைய ஸ்பீக்கர் பெட்டிகள். இடப்பக்கத்தது சுவரோடு ஒழுங்காக நிற்க, வலப்பக்கத்தது மட்டும் கோபித்துக்கொண்ட மாப்பிள்ளை மாதிரி முன்னறையின் நடுவுக்கு வந்து நின்றது.

"ரெண்டும் ஒரு நேரிலை நிக்கவேணுமப்பா. அப்பதான் சத்தம் சரியா வரும்."

"அதைச் சுவரோடை சேர்க்காதேங்கோ," என்றாள் றோஸ். "பின்னாலை கூட்டவேணும்."

கூட்டுகிறாளாம்! இடப்பக்கப் பெட்டிக்குப் பின்னால் சிலந்தி குடும்பமே நடத்திக்கொண்டிருந்தது. அங்கே அவளுடைய விளக்குமாறு ஒருநாளும் போனதில்லை.

கல்யாணமான புதிதில் கனிசியஸ் பலாப்பலகை வாங்கி, குருநகரிலேயே ஒரு தச்சனைப் பிடித்துச் செய்வித்த பெட்டிகள் அவை. பிறகு அவர் மின்சார வேலைக்கென்று கட்டாருக்குப் போய்விட்டார். பாட்டுக் கேட்கிற காலமும் அதோடு போனது.

ஜெரோசன் அவர்களுடைய ஒரே பிள்ளை. சண்டையால் பாதை பூட்டியிருந்த வருசம் அவனுக்குப் பதினேழு வயது. ஆமி வீடு வீடாகத் தேடிய நாலு சுற்றிவளைப்பில் அகப்படாமல் தப்பியவன், ஒருநாள் காலையில் சந்திப் பேக்கரிக்குப் பாண் வாங்கப் போனான். திரும்பி வரவில்லை.

செய்தி கேட்ட அன்று கனிசியஸ் கட்டாரிலிருந்து தொலைபேசியில் கத்தினார். "ஊர் கிடக்கிற கிடையிலை, ஒரு பிள்ளையை வீட்டுக்குள்ளை வைச்சிருக்க உனக்குத் தெரியேல்லையோ?"

அதற்குப் பிறகு றோஸ் எதைப் பற்றியுமே அதிகம் கதைப்பதில்லை. கேட்டது பெரும் பிழை என்று கனிசியசுக்கு எப்போதோ விளங்கிவிட்டது. கட்டாரை விட்டு ஊரோடு வந்து இத்தனை வருசமாகியும் மன்னிப்புக் கேட்க மட்டும் வாய் வரவில்லை. கைவேலைதான் வந்தது.

போன மாதம் கோயிலில் ஓகன் வாசிக்கிறவர் ஒரு பழைய கசெற்றைத் தேடிக் கொடுத்திருந்தார். நத்தார்ப் பூசையில் ஜெரோசன் தனியாகப் பாடிய பாட்டு அதில் இருந்தது. இன்றைக்கு அவனுடைய பிறந்தநாள். நினைவுநாள் என்று ஒன்று இல்லாத பிள்ளைக்கு வேறு எந்த நாளைத்தான் வைத்துக்கொள்வது? பின்னேரம் அயலவர்கள் செபமாலைக்கு வருவார்கள். அதற்கு முன் அவனுடைய குரலை அவள் கேட்டுவிட வேண்டும்.

இடப்பக்கப் பெட்டி நேற்றே வழிக்கு வந்துவிட்டது. கிழிந்த கூம்பின் ஓரத்துக்கு மெல்லிய தோல் ஒட்டி, வயருக்கு ஈயம் வைத்ததும் பாடத் தொடங்கிவிட்டது. வலப்பக்கத்ததுதான் வில்லங்கம். அதன் ஸ்பீக்கரை றோஸ் எப்போதோ கழற்றிச் சீலையில் சுற்றி அலுமாரிக்குள் வைத்திருந்தாள். பின்பலகையின் அடியில் விரல் நுழையும் அளவில் ஒன்பது ஓட்டைகள், ஓரமெல்லாம் கருகல்.

எலிதான் என்று கனிசியஸ் முடிவு கட்டினார். எலி கடிக்குமென்று ஸ்பீக்கரைக் கழற்றி வைத்தது கெட்டித்தனம். அதற்காகப் பொந்துக்குள் கொள்ளிக்கட்டையை விடுவார்களா? எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தாத குறை.

பெட்டிக்குள்ளிருந்து காற்று ஒழுகினால் சத்தம் கனமாக வராது. றோஸ் மெழுகுதிரி வாங்கப் போன நேரம் பார்த்து, மரத்தூளையும் பசையையும் குழைத்து ஒவ்வொரு ஓட்டையாக இறுக்கி அடைத்தார். மிச்சத்தை முற்றத்து வெயில் பார்த்துக்கொண்டது. ஸ்பீக்கரைப் பூட்டி, பெட்டியைச் சுவரோடு நேராகத் தள்ளி வைத்தார்.

அவள் வந்ததும் கதிரையில் இருத்திவிட்டுக் கசெற்றை ஓடவிட்டார். முதலில் கரகரப்பு. பிறகு ஜெரோசன் பாடினான். மீசை அரும்பும் வயதுக் குரல், அறை கொள்ளாமல் வந்தது. கனிசியசுக்குக் கண் நிறைந்துவிட்டது.

றோசின் உதடுகள் மெல்ல அசைந்தன. அவளும் கூடப் பாடினாள். எத்தனையோ வருசத்துக்குப் பிறகு தன் கையால் அவளுக்கு ஒரு நல்லது நடந்தது என்று அவர் நினைத்தார்.

பாட்டு முடியுமுன் அவள் எழும்பிப் போய் வலப்பக்கப் பெட்டியை ஒரு முழம் இழுத்தாள். பின்னால் குந்தியிருந்து பலகையின் அடியைத் தடவினாள். தடவிய கை நின்றது. பிறகு நகத்தால் சுரண்டத் தொடங்கினாள்.

"என்னப்பா செய்யிறாய்? எலி ஓட்டையெல்லாம் அடைச்சுப்போட்டன். இனிப் பயமில்லை."

"எலி போடேல்லை," என்றாள் றோஸ். "கம்பியைக் காய்ச்சி நான்தான் போட்டனான்."

"உனக்கென்ன விசரே? ஸ்பீக்கர் பெட்டிக்கு ஏன் ஓட்டை?"

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. நகம் பிய்ந்து இரத்தம் வந்தது. அப்படியும் சுரண்டுவதை விடவில்லை.

"உள்ளுக்கை இருக்கிற பிள்ளை எப்பிடியப்பா மூச்சு விடுறது?"