விட்டு விட்டுக் கேக்குது

"கேக்கல. விட்டு விட்டு வருது. மறுபடி சொல்லுங்க," என்று கம்ப்யூட்டர் திரைக்குள்ளிருந்து முகம் சுளித்தார் டாக்டர் எலிஸபெத்.

கனகசெட்டிக்குளம் இன்டர்நெட் மையத்தில் செவ்வாய்க்கிழமை தவறாமல் நடக்கிற கூத்து இது. டாக்டரம்மா பாண்டியில் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்தபடியே இங்கே இருக்கிறவர்களுக்கு வைத்தியம் பார்ப்பார். போன வருஷம் வந்த வசதி.

"விழுந்துட்டா டாக்டர்," என்று இராமதாஸ் மைக்கில் கத்தினான். "கருவாடு காயப்போடறப்போ கால் வழுக்கிடிச்சி. மணிக்கட்டு வீங்கிக் கெடக்கு."

விழுந்ததாகச் சொல்லப்பட்ட கொளஞ்சி பக்கத்து நாற்காலியில் வாயே திறக்கவில்லை. அதான் புருஷன் இருக்கிறானே, அவளுக்கு வலிக்கிற வலியையும் சேர்த்து அவனே பேசுவான்.

இராமதாசுக்குக் கம்ப்யூட்டர் டாக்டர் என்றால் ரொம்ப இஷ்டம். கிட்ட வந்து தொட்டுப் பார்க்க மாட்டார், முதுகைக் காட்டு என்று கேட்க மாட்டார். காலாப்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் நர்சம்மா "எப்படி விழுந்தே, எதுல விழுந்தே" என்று குடைந்து எடுத்துவிடும். அந்த வம்பே இங்கே கிடையாது.

நேற்று கொளஞ்சியின் கையை முறுக்கினவன், "இனிமே அம்மா வீட்டுக்குப் போறேன்னு சொன்னே, பொணமாத்தான் போவே" என்றிருந்தான். சொன்னால் செய்கிறவன். யாரிடம் போய்ச் சொல்ல? பஞ்சாயத்தில் உட்காருகிறவர்கள் எல்லாம் அவனுக்கு மாமன், பெரியப்பன். இந்த மையத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆதிலட்சுமிகூட அவனுக்குச் சித்தப்பன் மகள். அவனுக்குச் சொந்தமில்லாத ஒரே முகம் திரையில் தெரிகிற இந்த முகம்தான். அதற்கும் இன்றைக்கென்று காது கேட்காமல் போகணுமா என்று அவளுக்கு அழுகையாக வந்தது.

"கையைக் கேமரா கிட்ட கொண்டு வாம்மா. தெரியல. சரி, முகத்தைக் காட்டு. முடியை ஒதுக்கு. இன்னும் கிட்ட."

காதோரம் கன்றிப்போய் நீலம் பாரித்திருந்தது. டாக்டரம்மா அதையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ம்ஹூம். ஒண்ணும் சரியாத் தெரியல," என்று சலித்துக்கொண்டார்.

"கண்ணும் போச்சு, காதும் போச்சு. இதுக்கு ஒரு டாக்டரு," என்று இராமதாஸ் முணுமுணுத்தான்.

"இப்பத்தாண்ணே மக்கர் பண்ணுது," என்றாள் ஆதிலட்சுமி, வயரை ஆட்டிப் பார்த்தபடி.

"ஸ்பீக்கரைப் பிடுங்கிட்டு ஹெட்போனைப் போடுங்க," என்றார் டாக்டரம்மா.

இராமதாஸ் சட்டென்று அதை எடுத்துத் தன் தலையில் மாட்டப் போனான். கொளஞ்சிக்கு இருந்த கொஞ்சநஞ்ச நம்பிக்கையும் விட்டுப்போனது.

"உங்களுக்கு இல்லீங்க. விழுந்ததுல காதுல அடிபட்டிருக்கான்னு சோதிக்கணும். அவங்களுக்கு மாட்டுங்க."

"இது வேறயா."

ஆதிலட்சுமி ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினாள். அவன் வேண்டாவெறுப்பாகப் பெண்டாட்டி தலையில் ஹெட்போனை மாட்டினான். மாட்டுகிற சாக்கில் குனிந்து, "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. வாய் நீண்டுச்சு, அப்புறம் வூட்டுக்குத்தான் வரணும் நீ," என்றான்.

டாக்டரம்மா முகத்தில் அதே சிடுசிடுப்பு. உதடு அசைந்தது. பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் அந்தக் குரல் கொளஞ்சியின் காதில் விழுந்தது.

"அவர் பக்கம் திரும்பாம கேளும்மா. லைன் காலையிலேர்ந்து நல்லாத்தான் இருக்கு. எனக்கு எல்லாம் கேட்டுச்சு, எல்லாம் தெரிஞ்சுது. இப்ப நான் பேசறது உனக்கு மட்டும்தான் கேக்கும். எக்ஸ்ரே எடுக்கணும்னு சொல்லி உன்னை இங்க வரவழைச்சுக்கறேன். உள்ள நீ மட்டும்தான் வரலாம். நீயா போறேன்னு சொல்லாம உன்னைத் திருப்பி அனுப்ப மாட்டேன். ஒரே ஒரு வார்த்தை சொன்னா போதும். அடிச்சது அவர்தானா?"

கொளஞ்சி அவன் பக்கம் திரும்பவில்லை.

"இன்னா கேக்குறாங்க?" என்று இராமதாஸ் அவள் தோளை இடித்தான்.

"காது கேக்குதான்னு கேக்குறாங்க," என்றாள். அப்புறம் திரையைப் பார்த்து, அவனை அருகிலேயே வைத்துக்கொண்டு, நிதானமாகச் சொன்னாள்.

"ஆமாங்க."