பிடரிப் பக்கத்து முத்துகள்

அசலா என்று பார்க்க மரைக்காயர் முத்தைப் பல்லில் உரசியபோது அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

மின்விசிறி ஓடியது.

கடை மேசைக்கு இந்தப் பக்கம் மூன்று நாற்காலிகள். கணவனின் மூத்த அக்காள் பிலோமினா நடுவில். இளைய அக்காள் ஜெசிந்தா அவளை ஒட்டி. மூன்றாவது நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டு அவள்.

மாமியாரின் முப்பதாம் நாள் பூசை நேற்றுத்தான் முடிந்தது. அதற்குப் பிறகுதான் அவள் முத்துமாலை மகள்கள் கைக்குப் போனது. ஜன்னலோரம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

"இது எங்கம்மா மாலை இல்ல," என்றாள் பிலோமினா. "திருவிழாக் கடைப் பாசிகூட இதைவிட மினுங்கும்."

பூசைக்கு வந்தவர்கள் கூடத்தில்தான் இருந்தார்கள். எல்லார் காதிலும் விழுந்தது.

முத்து போலி என்றால், பின்கட்டு அறையை அவள் காலி செய்துவிட வேண்டும். அதையும் எல்லார் முன்பாகத்தான் சொன்னாள். கணவன் போன பிறகு அந்த அறையைத் தவிர அவளுக்கு வேறு இடமில்லை.

முந்தானைக்குள் ஜெபமாலை இருந்தது. எந்த மணியில் நின்றாள் என்பது மறந்துபோயிற்று. முதலிலிருந்து தொடங்கினாள்.

மரைக்காயர் அடுத்த முத்தை எடுத்தார். விளக்கை அருகில் இழுத்து, லென்ஸ் வழியாக அதன் துளைக்குள் பார்த்தார். முத்துக்கு விலை சொல்வது அவர் குடும்பத்துத் தொழில்.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க பாய்," என்றாள் பிலோமினா. "எங்க பாட்டையா முங்கி எடுத்த முத்து."

"முங்கினவருக்கு மாலை கோக்கிற அளவுக்கு மிச்சம் விட்டாங்களாக்கும்?" என்றார் அவர், தலையைத் தூக்காமல்.

ஜெசிந்தா சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அவரு சம்மாட்டி பாய். தோணி அவருது. ஆளை விட்டு முங்கினவரு," என்றாள் பிலோமினா.

"அப்படிச் சொல்லுங்க."

வெகுநேரம் கழித்து மாலையைத் துணிமேல் வைத்தார்.

"அசல்தாம்மா. நம்ம மன்னார் கடல் முத்து. ஒண்ணுகூட மாத்தலை."

அவள் விரல்கள் ஜெபமாலையை விட்டன.

"அப்ப ஒளி எங்க போச்சு?" என்றாள் பிலோமினா.

அவர் மாலையை நீட்டி வைத்துக் காட்டினார். நெஞ்சில் தொங்கியவற்றில் இன்னும் கொஞ்சம் பால்நிறம் இருந்தது. பிடரிப் பக்கத்தில் கிடந்தவை சுண்ணாம்பாய் வெளுத்திருந்தன. உருண்டையாய் இருந்தவை ஓரம் தேய்ந்து ஒடுங்கியிருந்தன.

"சோப்பு. நூல்கூட ஊறி உப்பிப் போயிருக்கு. கழுத்துல கெடக்கும்போதே தேச்சிருக்காங்க. கெடாம இருந்தா ஒரு வீட்டு மனை வாங்கலாம். இப்ப இவ்வளவுதான்."

ஒரு தாளில் எழுதி, மகள்கள் பக்கம் நகர்த்தினார்.

பிலோமினா அதைப் பார்த்தாள். பிறகு அவளைப் பார்த்தாள்.

"கழட்டி வச்சிட்டுக் குளிப்பாட்டத் தெரியாதா ஒனக்கு?"

மாமியாருக்குப் பெற்ற பிள்ளைகளின் பெயர்கூட மறந்திருந்தது. மாலை மட்டும் மறக்கவில்லை. கழற்றினால் வெறுங்கழுத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, களவாண்டுட்டாங்க என்று தெருவுக்கே கேட்கும்படி அழுவாள். திரும்ப மாட்டிவிட்டால் அடங்கிவிடுவாள். தண்ணீர் ஊற்றி முடிக்கும் வரை சின்னப் பிள்ளைபோல் உட்கார்ந்திருப்பாள்.

இதை அவள் சொல்லவில்லை. செத்தவளின் குறையை இன்னொருவர் கடையில் வைத்து எப்படிச் சொல்வது?

"கடல்ல பொறந்ததைத் தண்ணி என்ன செஞ்சிரப் போகுதுன்னு நெனச்சிட்டேன் மைனி."

மரைக்காயர் லென்ஸைக் கீழே வைத்தார்.

"ஒரு மாசம் ரெண்டு மாசத்துல இப்படி ஆகாதும்மா," என்றார், மகள்களைப் பார்த்து. "ஏழெட்டு வருசம் தினமும் ஒருத்தர் தேச்சு விட்டிருக்கணும்."

"தினமுமா?" என்றாள் ஜெசிந்தா.



ஜெசிந்தா சென்னையிலிருந்து கிறிஸ்துமஸுக்கு மட்டும் வருவாள். படுக்கையில் கிடந்த அம்மாவைக் கட்டிப்பிடிப்பாள். பவுடர் வாசம் அடிக்கும். வேறெந்த வாசமும் அடித்ததில்லை.

"தினமும்தான் கெடுத்திருக்கா," என்றாள் பிலோமினா. "திருடலை, சரி. ஒரு மனை போச்சுல்ல? ஈஸ்டருக்குள்ள ரூமைக் காலி பண்ணிரு. வாடகைக்கு விட்டாவது எடுத்துக்கிடுதோம்."

ஜெசிந்தா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீ வந்தது. மரைக்காயர் முதல் கிளாஸை மருமகள் முன்னால் வைத்தார். சூட்டில் அது கை கொள்ளவில்லை. முந்தானையால் பிடித்துக்கொண்டாள்.

பையில் வைத்தால் பஸ்ஸில் பயம் என்று பிலோமினா மாலையைக் கழுத்திலேயே போட்டுக்கொள்ளப் பார்த்தாள். கொக்கி விழவில்லை. ஜெசிந்தா முயன்று பார்த்தாள். அவளாலும் முடியவில்லை.

இடப்பக்கம் திருப்பி அழுத்த வேண்டும். மாமியார் கழுத்தில் கழற்றிய வேகத்தில் திரும்ப மாட்டிய அந்த முதல் நாள்களில், மருமகளின் விரல் படித்துக்கொண்டது அது.

அவள் கிளாஸை வைத்துவிட்டு எழுந்தாள். பின்னால் போய் நின்றாள்.

பிலோமினா தன்னையறியாமல் தலையைக் குனிந்தாள்.

மாமியாரின் அதே பிடரி. மச்சம்கூட அதே இடத்தில்.

கொக்கி விழுந்தது.

"குளுருது," என்றாள் பிலோமினா.

"கொஞ்ச நேரத்துல சூடாயிரும் மைனி."