மெலிந்தவருக்கு முதல் இடம்

அன்று உப்புக்கல்லருகே இருந்தவை: பெரிய மான்கள் ஆறு, பால்குடிக் குட்டி ஒன்று, மைனா ஒன்று.

மெலிந்தவருக்கே முதல் இடம் என்பது அந்த மந்தையின் வழக்கம். விலா எலும்பு தெரிய, எச்சில் ஒழுக, ஆறில் ஒன்றான கிழக் கலைமான் தள்ளாடி முன்னே வந்தது.

"முதலில் நீங்க நக்குங்க, மாமா," என்று குட்டியின் தாய் விலகியது.

"அந்த எச்சில் கல்லையா அடுத்து நீங்க நக்கப்போறீங்க?" என்றது மைனா.

"மாட்டு உண்ணி தின்கிறவளுக்கு ரொம்பத்தான் சுத்தம். உறவுக்குள் எச்சில் ஏது?" என்றது தாய். மற்ற மான்கள் சிரித்தன. பெரியவை எல்லாம் நக்கின.

கிழமான் அந்த மாதமே இறந்தது. மனிதர்கள் அதன் தலையை எடுத்துப்போய்ச் சோதித்தார்கள். பிறகு வந்து கல்லைச் சுற்றி வேலி போட்டார்கள்.

"செத்த பிறகுதான் நோய் தெரிந்ததாம்," என்றது மைனா.

நக்கிய மற்ற ஐந்தும் அப்போது கொழுகொழுவென மேய்ந்துகொண்டிருந்தன.

இரண்டு மழைக்காலம் போனது. நான்கு மான்கள் மெலிந்து இறந்தன. பிறகு தாயின் வாயிலும் எச்சில் ஒழுகியது.

சுனையருகே, வளர்ந்துவிட்ட குட்டி வழக்கப்படி விலகி நின்றது. "நீ முதலில் குடி, அம்மா."

"இன்றைக்கு நீ குடி," என்றது தாய்.

குட்டி குடித்து நிமிர்ந்தபோது, தாய் தண்ணீரைத் தொடாமலே மேடேறிப் போய்க்கொண்டிருந்தது.

அடுத்த மழைக்குப் பிறகு மைனா எண்ணிப் பார்த்தது. மான் ஒன்று.