காந்தம் ஒட்டாத இடம்

தகரக் கூரையின் ஆணி ஓட்டைகள் வழியே உச்சி வெயில் பழைய மோரிஸ் காருக்குள் பொட்டுப் பொட்டாக விழுகிறது. போன ஆடியில் இறந்துபோன அடைக்கலம், குளத்தூரிலிருந்து பிள்ளைத்தாய்ச்சிகளைப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போன வண்டி இது. இதை மறுபடி ஓட்டியே தீருவது என்று அவன் மனைவி சொர்ணவல்லி பக்கத்திலேயே நிற்கிறாள். மெக்கானிக் சேவுகன் பின்சீட்டைக் கழற்றிவிட்டு, இரும்பு இன்னும் நல்லா இருக்கிறதா என்று வண்டியின் தரைத்தகட்டில் காந்தத்தை வைக்கிறான். அது ஒட்டாமல் வழுக்குகிறது. சுரண்டிப் பார்த்தால் பெயிண்டுக்கு அடியில் ஓட்டை அடைக்கிற பட்டிப் பசை, பட்டிக்கு அடியில் தாரில் முக்கிய சாக்கு. “எந்தப் புண்ணியவான் வேலையோ! உப்புமா கிண்டி வச்சிருக்கான்,” என்கிறான். சாக்கை உரித்ததும் மஞ்சளாக ஏதோ மின்னுகிறது. சொர்ணவல்லி குனிந்து முந்தானையால் துடைக்கிறாள். தட்டிச் சப்பையாக்கிய பித்தளைத் தாம்பாளம். ஓரத்தில் புள்ளி புள்ளியாக வெட்டிய அவள் பெயர். எட்டு வருஷத்துக்கு முன் காணாமல் போன கல்யாணச் சீர். அன்றைக்கு அடைக்கலமும் பரணில் ஏறி அவளோடு சேர்ந்து தேடினான். அவளுக்குச் சிரிப்பு வருகிறது. “அண்ணன் வேலையாக்கா?” சேவுகன் குரலைத் தாழ்த்துகிறான். “ஏதோ அவசரத்துக்குப் பண்ணிருப்பாரு. கெடக்கட்டும், மேலாக்க பெயிண்டு அடிச்சுருவோம். ஒருத்தருக்கும் தெரியாது.” தட்டைச் சுற்றியுள்ள துருவேறிய இரும்பை அவள் விரலால் அழுத்துகிறாள். அது நமத்த அப்பளம்போல உள்ளே போகிறது. கீழே மண் தெரிகிறது. “வலியெடுத்தவ இதுலதான் காலை ஊண்டுவா தம்பி,” என்கிறாள். காந்தத்தை வாங்கி, அது பிடிக்கிற நல்ல இரும்பு தொடங்கும் இடமாகப் பார்த்துப் பார்த்து, தட்டைச் சுற்றிச் சுண்ணக்கட்டியால் கோடு இழுக்கிறாள். தாம்பாளம் கோட்டுக்குள் நடுவில் கிடக்கிறது. “ம், வெட்டுங்க.”