வெள்ளை விரித்த கதிரை

ஆரையம்பதித் துறையில் தோணி புறப்படக் காத்து நிற்கிறது. கரையில், எங்கள் தரும ஆஸ்பத்திரியிலிருந்து தூக்கிவந்த கதிரையில் வெள்ளைத் துணி விரித்திருக்கிறார்கள். கலியாணத்தில் மாப்பிள்ளைக்கு விரிக்கும் வெள்ளை. அதில் உட்கார்ந்திருப்பவள் பிலோமினா மிஸ்ஸி. கொழும்பில் படித்த தாதி, இங்கே வந்து எட்டு மாதம்தான். தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரி கூப்பிடுகிறதாம், போகிறாளாம். காலடியில் புதுத் தகரப் பெட்டி. வாவியில் பட்ட காலை வெயில் அதன் மூடியில் நெளிகிறது. ஆஸ்பத்திரியை நடத்தும் வேலாப்போடியார் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு எருமைத் தயிர் நிறைந்த மண்முட்டியை இரண்டு கையாலும் நீட்டுகிறார். “கோவிக்காம இங்கயே நில்லுங்க மிஸ்ஸி. கல்வீட்டு அறையத் தாறன்.” அந்த அறையை நான் கேட்டு மூன்று மாரி போய்விட்டது. ஒன்பது வருஷமாக இந்த ஊர்ப் பிள்ளைகளைக் கையில் ஏந்துகிற மருத்துவிச்சி நான். என் ஓலைக்கூரை இன்னும் ஒழுகுகிறது. அவள் தன் நகத்தைப் பார்த்துக்கொண்டே, “சரி, நிக்கிறன்” என்கிறாள். பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குரவை போடுகிறார்கள். என் நாக்கு அசையவில்லை. “அப்ப நானும் ஊரவிட்டுப் போகட்டா, போடியார்?” என்கிறேன். அவர் சிரிக்கிறார். “நீ எங்க புள்ள போகப்போறாய்? மிஸ்ஸிட பெட்டியத் தூக்கிக்கொண்டு வா.” குனிந்து பலமாகத் தூக்குகிறேன். பெட்டி துள்ளி எழும்புகிறது. உள்ளே ஒன்றுமே இல்லை. மிஸ்ஸி என் முகத்தைப் பார்த்துவிட்டு வாவிப்பக்கம் திரும்புகிறாள். ஒன்பது வருஷத்தில் எனக்கென்று ஒரு பெட்டி வாங்கத் தோன்றவில்லையே.